யாரும் வைக்காத விலை

எங்கள் குடும்பத்தில் உலகம் திரும்பிப் பார்க்கும்படியான காரியம் எதையும் இதுவரை எவரும் செய்ததில்லை. பெரியப்பா ஒருவர் ஒருமுறை தவறான ரயிலில் ஏறி, இறங்கிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கடைசி நிலையம்வரை போய்த் திரும்பினார். நெடுங்காலம் அதுவே எங்கள் சாதனைகளில் முதலிடம் வகித்தது. அந்த இடத்தை இப்போது என் அக்காவின் கணவர் கைப்பற்றியிருப்பதால், அவரைப் பற்றிச் சரியாக எழுதிவைப்பது அவசியமாகிறது. கடையில் நடந்தவற்றை அக்காவும் அத்தானும் தனித்தனியே சொல்லக் கேட்டிருக்கிறேன். இருவர் கூற்றும் வேறுபடும் இடங்களில் அக்கா சொன்னதையே ஏற்றிருக்கிறேன்; அவர் வீட்டில்தான் நான் அடிக்கடி சாப்பிடுகிறேன்.

அத்தானுக்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர் ‘ஒட்டு’. ஒரு வேலையை முழுதாகச் செய்வது அவருக்குப் பரம்பரை விரோதம். சுவரில் அழுக்கான இடத்துக்கு மட்டும் வெள்ளையடிப்பார். மேல்கோட்டுக்குள் மறையும் சட்டைக்குக் கழுத்துப்பட்டியை மட்டும் இஸ்திரி போடுவார். தன் கல்யாணத் தேதி தள்ளிப்போனபோது, அச்சடித்த அழைப்பிதழ்களை வீணாக்க மனமில்லாமல், தேதியின் ஓர் இலக்கத்தை மட்டும் துண்டுத் தாளில் அச்சடித்து ஒவ்வொன்றிலும் ஒட்டியவர் அவர். கிழமையை மாற்ற மறந்துவிட்டார். தேதியை நம்பியவர்கள் கல்யாணத்துக்கு வந்தார்கள். கிழமையை நம்பியவர்கள் பூட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் இருவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. அதை எங்கள் தரப்பு இழப்பாகக் கருதவில்லை.

“மாறினதை மட்டும் மாத்தினாப் போதும். மாறாததை ஏன் தொடணும்?” என்பது அவருடைய வேதம். சோம்பேறிகள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அத்தான் சோம்பேறி அல்லர். முழு வேலையைத் தவிர்ப்பதற்காக முழு வேலையைவிட இருமடங்கு உழைப்பார்.

இப்படிப்பட்டவருக்கென்றே ஓர் உத்தியோகம் பின்னாளில் உருவாகும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? அக்கா காசாளராக இருந்த பெரிய மளிகைக் கடையில்தான் அத்தானும் வேலை பார்த்தார். அலமாரிகளில் விலைச்சீட்டு ஒட்டுவது அவர் பணி. ஒருநாள் அந்தத் தாள் சீட்டுகளையெல்லாம் கிழித்தெறிந்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் மின்தாள் அட்டைகளை மாட்டினார்கள். கடைக்காரர்கள் அதை ‘டேக்’ என்றார்கள். அதன் முகத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமான நுண்பொடிகள் இருக்கின்றன. மின்சாரம் ஒரு தட்டுத் தட்டினால் எந்த இடத்தில் எந்த நிறம் மேலே வரவேண்டுமோ அது வரும். வந்தபின் மின்சாரமே தேவையில்லை. சாப்பிட்டுப் படுத்த மாப்பிள்ளைபோல அப்படியே கிடக்கும். எழுப்பும்போதுதான் செலவு.

அந்தச் செலவுதான் வினையாயிற்று. ஒரு பொருளின் விலையில் ஒரு காசு மாறினாலும் டேக்கின் முகம் முழுவதும் கறுத்து, வெளுத்து, மறுபடி கறுத்து, வெளுத்து, அதன்பிறகே புதுவிலை தெரியும். ஊழியர்கள் இதைக் ‘கண்ணடிக்கிறது’ என்றார்கள். காய்கறிப் பகுதியில் விலை அடிக்கடி மாறுவதால் அந்த வரிசை முழுவதும் வருவோர் போவோரைப் பார்த்து ஓயாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பொத்தான் பேட்டரிகள் பல ஆண்டுகள் உழைக்கும் என்று விற்றவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள். ஓராண்டுக்குள் அவை ஒவ்வொன்றாக உயிரை விட்டன.

கடை மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த வேளையில் அத்தான் போய் நின்றார்.

“சார், உப்பு உப்பாத்தானே இருக்கு? ஒரு கிலோ ஒரு கிலோவாத்தானே இருக்கு? வெல மட்டுந்தானே மாறுது? அதுலயும் கடைசி நம்பர் மட்டுந்தானே மாறுது? அதுக்கு எதுக்கு சார் மொத்த முகத்தையும் கழுவணும்?”

டேக்குகளை ஆளும் கணினியில் அதற்கு ஏற்கெனவே வழி இருந்தது. எவரும் தொட்டுப் பார்த்ததில்லை. அத்தான் தொட்டார். டேக்கின் முகத்தைக் கட்டங்களாகப் பிரித்தார். பெயருக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, விலையின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியே ஒன்று. முந்தைய விலையையும் புதிய விலையையும் கணினி ஒப்பிட்டு, வேறுபட்ட கட்டத்தை மட்டும் வானொலி அலையில் அனுப்பும். அந்தக் கட்டம் மட்டும் ஒருமுறை சிலிர்த்து மாறும். மீதி முகம் அசையாது. கண்ணடிப்பு நின்றது, பேட்டரிகள் பிழைத்தன. மேலாளர் அத்தானின் முதுகில் தட்டினார். குடும்பத்தில் ஒட்டு என்று இகழப்பட்டவர், ஒட்டுப்போட்டே ஊதிய உயர்வு பெற்றார்.

ஓர் ஊனம் இருந்தது. இப்படிப் பகுதி பகுதியாக மாற்றினால் பழைய எண் முழுதாக அழியாமல், புது எண்ணுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும். “பின்னாடி தெரியுற வெலைக்குக் குடு தம்பி, அதுவும் நீங்க போட்டதுதானே” என்று பேரம் பேசியவர்களும் உண்டு. ஆகவே திங்கட்கிழமை காலையில் கடை திறக்குமுன் எல்லா டேக்குகளையும் ஒருமுறை முழுதாகக் கண்ணடிக்கவைத்து அந்தப் பேய்களை ஓட்டிவிட ஏற்பாடு செய்தார். அதோடு நின்றிருந்தால் நான் எழுத வேண்டிய தேவையே நேர்ந்திராது.

நிற்கவில்லை. ஒவ்வொரு டேக்கும் செய்தி வந்து சேர்ந்ததும் ‘கிடைத்தது’ என்று கணினிக்குப் பதில் சொல்லும். அதற்கும் கொஞ்சம் பேட்டரி செலவாகும். அத்தானுக்கு அது கண்ணை உறுத்தியது. “நான் அனுப்புறேன், அது வாங்கிக்குது. இதுல பதிலுக்கு என்ன பதில்?” என்று சொல்லி அந்த வசதியை நிறுத்திவிட்டார். அன்றுமுதல் அந்தக் கடையில் டேக்குகள் கேட்டுக்கொண்டன; பேசவில்லை. அத்தான் வீட்டிலும் இதே முறையைத்தான் பல்லாண்டுகளாக நடைமுறைப்படுத்த முயன்றுகொண்டிருந்தார் என்பது அக்காவின் கருத்து.

இனி அக்காவின் நிலையைச் சொல்ல வேண்டும். பணம் வாங்கும் மேசைகள் அனைத்துக்கும் பொறுப்பான தலைமைக் காசாளர் ஓய்வு பெறவிருந்தார். அந்த இடத்துக்கு அக்காவின் பெயர் போயிருந்தது. முடிவுசெய்ய, தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வரவிருந்தார். மேசையில் தகராறு வராமல் பார்த்துக்கொள்பவரே அந்தப் பதவிக்குத் தகுதி என்பது எல்லாரும் அறிந்த விதி. அக்கா அந்த இடத்தை எவ்வளவு விரும்பினார் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் அந்த அறையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்பதுவரை யோசித்துவைத்திருந்தார்.

ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள், கடைக்கு வழக்கமாக வரும் ஹோட்டல்காரர் ஒரு வண்டி நிறைய ஐந்து லிட்டர் எண்ணெய் டின்களைத் தள்ளிக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்தார். அக்கா முதல் டின்னுக்குப் பில் அடித்ததும் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று விழுந்தது. ஹோட்டல்காரர் தன் கைபேசியை நீட்டினார். அலமாரி டேக்கை அவர் எடுத்த படத்தில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றிருந்தது.

“இந்த வெலைக்குத்தான் எடுத்தேன். இந்த வெலைக்குத்தான் குடுப்பேன்.”

“கம்ப்யூட்டர்ல எழுநூறுதாங்க காட்டுது.”

“உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலன்னா நான் என்னம்மா பண்றது? நாளைக்கு வரேன். உங்க பெரியவங்க இருக்கும்போது பேசிக்கலாம்.” டின்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பாடு பரிமாறிக்கொண்டே அக்கா கேட்டார்.

“ஏங்க, எண்ணெ டின்னுக்கு ஐநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுன்னு டேக்ல போட்டீங்களா?”

“இல்லையே. எழுநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு.”

“போட்டோல ஐநூறுன்னு இருக்கு.”

“அது பழைய போட்டோவா இருக்கும். முந்தாநாள் வரைக்கும் தள்ளுபடி இருந்துச்சுல்ல.”

“தள்ளுபடி வெல ஐநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது. தள்ளுபடி முடிஞ்சதும் எழுநூத்தித் தொண்ணூத்தி எட்டு. இன்னைக்கு எழுநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. ஐநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுன்னு ஒரு வெலைய எவனும் வைக்கவேயில்ல. அப்புறம் அது எங்கேருந்து பொறந்துச்சு?”

“என் ஸ்கிரீன்ல எல்லாம் சரியா இருக்கு.”

“உங்க ஸ்கிரீன்ல எல்லாமே சரியாத்தான் இருக்கும். நம்ம கல்யாணம்கூட அதுல சரியாத்தான் இருக்கும்.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “மச்சான், நீங்களே சொல்லுங்க. அனுப்பினது போய்த்தானே சேரும்?”

“இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கக்கா” என்றேன். சாட்சி சொல்ல அழைக்கப்படும்போது தட்டைப் பார்ப்பது எங்கள் குடும்ப ஆண்களின் மரபு.

அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: “நாளைக்கு அந்த அம்மா வராங்க. என் மேசையில சண்டை வந்தா அந்த நாற்காலி எனக்கு இல்ல. காலைல போனதும் அந்த டேக்கைப் போய்ப் பாருங்க. ஸ்கிரீன்ல இல்ல. கண்ணால.”

அத்தான் காலையில் போய்ப் பார்த்தார். டேக்கில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று அட்டகாசமாக நின்றது. அதன் எதிரே தகர டின்கள் மலைபோல் குவிக்கப்பட்டிருந்ததையும், அந்த மலை இரண்டு நாளில் பாதியாகக் கரைந்திருந்ததையும் அவர் கவனித்தார். அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. டேக்கில் முதலில் இருந்தது ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று மாற்றச் சொன்ன செய்தி தகரச் சுவரில் முட்டி விழுந்துவிட்டது. டேக்குகளைத்தான் ஊமையாக்கிவிட்டோமே, எனவே அது கிடைக்கவில்லை என்று எவரும் சொல்லவில்லை. கணினி தன் பாட்டுக்கு, போய்ச் சேர்ந்ததாகவே எண்ணிக்கொண்டது. அடுத்த விலை வந்தபோது எட்டுக்குப் பதில் ஒன்று, அவ்வளவுதான் வித்தியாசம் என்று கடைசிக் கட்டத்தை மட்டும் அனுப்பியது. அதற்குள் டின்கள் விற்றுச் சுவர் இறங்கியிருந்ததால் அந்தச் செய்தி சேர்ந்தது. பழைய விலையின் உடம்பில் புதிய விலையின் வால் ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை முழுக் கண்ணடிப்பில் இப்படிப்பட்டவை தாமாகவே சரியாகிவிடுவதால், இத்தனை காலம் ஒன்றும் கையில் சிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் ஓடிப்போய் மனைவியிடம் சொல்லியிருப்பார். அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார், டேக்குக்கு நேரே செய்தி அனுப்பும் கைக்கருவியை அந்த ஒரு டேக்கின் முகத்தருகே வைத்தார், ஐந்தை ஏழாக்கினார், ஒன்றும் தெரியாதவர்போல் நடையைக் கட்டினார். பக்கத்து டேக்கைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எது தவறோ அதை மட்டும் திருத்தினால் போதாதா?

போதவில்லை. ஹோட்டல்காரர் சொன்னபடி வந்தார். ஆய்வாளர் அம்மா அக்காவின் மேசையருகில் நின்று மேலாளரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான பெண்மணி, சொற்களைக் கடன் கொடுப்பவர்போல் அளந்து பேசினார். ஹோட்டல்காரர் படத்தைக் காட்டினார். மூவரும் போய் அலமாரியைப் பார்த்தார்கள். டேக்கில் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று. மேசைக்குத் திரும்பினார்கள்.

“நேத்து ஐநூறு, இன்னைக்கு எழுநூறு. நான் கேட்டப்புறம் மாத்திட்டீங்க. நான் பொய் சொல்றேனா, என் போன் பொய் சொல்லுதா?” என்றார் ஹோட்டல்காரர்.

ஆய்வாளர் மேலாளரைப் பார்த்தார். தன்மேல் விழவிருந்த பழியை அந்தக் கணமே வேறொருவர் பக்கம் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி மேலாளருக்கு. அவர் தள்ளிய திசை அக்கா.

“மேடம், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. டேக் மாத்துறவர் இந்த அம்மாவோட வீட்டுக்காரர்தான். மேசையில அடிச்ச வெலைக்குத் தகுந்த மாதிரி அலமாரியில மாத்தச் சொல்லியிருப்பாங்க. புருஷன் அங்க, பொண்டாட்டி இங்க. நல்ல குடும்பம்.”

அக்கா பணப்பெட்டியை மூடினார். சாவியை எடுத்து ஆய்வாளரின் கைக்கருகில் வைத்தார்.

“எண்ணிப் பாருங்கம்மா. குறைஞ்சாலும் கூடினாலும் என்கிட்ட கேளுங்க. டேக்கைப் பத்தி எனக்குத் தெரியாது.”

பேட்டரி மிச்சம் பண்ணியதற்கு ஆய்வாளரிடம் பாராட்டு வாங்கலாம் என்ற எண்ணத்தில் கைக்கருவியோடு வந்துகொண்டிருந்த அத்தான் இதைத் தூரத்திலிருந்தே கேட்டார். அக்காவின் முகத்தை அவர் அப்படி முன்பு பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். கோபமாக இருந்திருந்தால் பழகியிருக்கும், கோபமாக இல்லை. யாரையோ பார்ப்பதுபோல் தன்னைப் பார்த்தாள் என்றார்.

“மாத்தினது நான்தாங்க” என்றார் அத்தான். “காலைல. அவளுக்குத் தெரியாது. நேத்தே அவ போய்ப் பாருன்னு சொன்னா. பாத்தேன். பாத்ததை அவகிட்டயே சொல்லல.”

மேலாளர் அவசரமாக, “நீங்க சும்மா இருங்க, பொண்டாட்டியக் காப்பாத்த வந்துட்டாரு” என்றார்.

“காப்பாத்த வரல சார். என்னோட வாங்க, காட்டுறேன்.”

எண்ணெய்ப் பகுதிக்கு அழைத்துப்போனார். ஹோட்டல்காரரும் விடாமல் பின்னால் வந்தார். இலவசமாகக் கிடைக்கும் கூத்தை அவர் என்றும் தவறவிட்டதில்லை. அலமாரியின் மூலையில் ஒரு சிறிய டின்னுக்கு முந்நூற்றுப் பத்தொன்பது என்றிருந்தது. அத்தான் ஆய்வாளர் கையிலேயே கருவியைக் கொடுத்துக் கணினியின் விலையைப் பார்க்கச் சொன்னார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

“இதுல டேக் அதிகம், பில் கம்மி” என்றார் ஆய்வாளர்.

“ஆமாங்க. இதுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கம்மியா விழுந்தா வாயத் தொறக்காமப் போயிடுவாங்க. அதனாலதான் பாதித் தப்பு யாருக்கும் தெரியல.”

“இந்த முந்நூத்திப் பத்தொம்பத யாரு வச்சது?”

“யாரும் வைக்கலைங்க. இருந்தது முந்நூத்திப் பத்து. மாத்தச் சொன்னது இருநூத்தித் தொண்ணூத்தி ஆறு, அது சேரல. அப்புறம் ஆறை ஒம்பதாக்குன்னு சொன்னது மட்டும் சேந்துச்சு. ரெண்டு வெலையும் கூடிப் பெத்த பிள்ளைங்க இது. திட்டம் போட்டு ஏமாத்துறவன் வாங்க வர்றவங்க அதிக வெலையப் பாத்து ஓடிப்போற மாதிரியும் மாத்தி, ஜனங்களுக்கு நட்டம் வர்ற மாதிரியும் மாத்துவானா? இது நான் பண்ணின கோளாறு. பதில் சொல்றதை நிறுத்தினது நான். பேட்டரிய மிச்சம் பண்றதுக்கு.”

மேலாளரின் முகத்தில் வேர்த்தது. அந்த மிச்சத்தை அவர்தான் தலைமை அலுவலகத்துக்குத் தன் யோசனையாக எழுதி அனுப்பியிருந்தார்.

“இன்னும் எத்தனை இருக்கும்?” என்றார் ஆய்வாளர்.

“தெரியாதுங்க. கேட்டாப் பதில் சொல்ற மாதிரி ஒண்ணையும் நான் வைக்கல. ஒரே வழிதான். கடை மொத்தத்தையும் அழிச்சு எழுதணும். இப்பவே.”

“இப்பவா? ஜனங்க இருக்காங்க. பேட்டரி பாதி செத்துடும்” என்றார் மேலாளர்.

“சாவட்டும் சார்.”

சுமை தூக்குபவர்களை அழைத்து, தகர டின்களை அலமாரி முன்னிருந்து நகர்த்தச் சொன்னார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினார்கள். பிறகு அத்தான் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையை முழுதாகச் செய்தார். உப்பு, சோப்பு, எண்ணெய், துடைப்பம் என்று கடையிலிருந்த ஒவ்வொரு டேக்கும் கறுத்தது, வெளுத்தது, கறுத்தது, வெளுத்தது. வாங்க வந்தவர்கள் கையில் எடுத்த பொருளோடு அப்படியே நின்றார்கள். ஒரு பெண்மணி பூகம்பம் என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பிறகு விலைகள் எழும்பி வந்தன. தள்ளாத வயதிலிருந்த பல டேக்குகள் அந்தக் கண்ணடிப்பைத் தாங்கமாட்டாமல், பாதி முகம் கறுப்பாகவே விறைத்துப்போயின. அவற்றுக்கு அக்காவும் மற்றக் காசாளர்களும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பேனாவால் விலை எழுதி மாட்டினார்கள். எண்ணெய்ப் பகுதியில் மட்டும் இன்னும் நான்கைந்து விலைகள் ஆய்வாளரின் கண்ணெதிரே வேறாயின. ஹோட்டல்காரர் அவற்றையும் படம் எடுத்துக்கொண்டார்.

ஆய்வாளர் இரண்டே விஷயங்கள் சொன்னார். ஒன்று, ஹோட்டல்காரருக்கு அவர் படமெடுத்த விலைக்கே டின்களைக் கொடுக்க வேண்டும். மற்றது, அக்காவின் பணப்பெட்டியைத் தான் எண்ணப்போவதில்லை. சாவியை எடுத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை வீடுவரை அத்தான் நடந்ததை மூன்று தடவை விளக்கினார். நான்காவது தடவை தொடங்கியபோது அக்கா சொன்னார்: “கண்ணால பாத்துட்டீங்க. அதை என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்னங்க செலவு? அதுக்கும் பேட்டரியா?”

பதவி உத்தரவு சில வாரங்கள் கழித்து வந்தது. மேலாளருக்கு வேறு கிளைக்கு மாறுதல். அதைத் தன் சொந்த விருப்பம் என்று அவர் சொல்லிக்கொண்டார். அக்கா தலைமைக் காசாளரானார். உத்தரவின் கடைசி வரியில், டேக் பிரிவும் இனி அவர் பொறுப்பிலேயே இயங்கும் என்றிருந்தது. அதைப் படித்தபோது அத்தான் தண்ணீர் கேட்டார்.

அக்கா போட்ட முதல் ஆணை, டேக்குகள் பதில் சொல்ல வேண்டும் என்பது. மாறிய கட்டத்தை மட்டும் அனுப்பும் முறை தொடரலாம். ஆனால் முந்தைய செய்திக்குப் பதில் வராத டேக்குக்கு முகம் முழுவதும் போக வேண்டும். பேட்டரி சற்று முன்னதாகத் தீரும். தீரட்டும் என்று கையெழுத்திட்டார். இரண்டாவது ஆணை, தன் அறைக்கு டேக் பிரிவு ஊழியர் வேலை விஷயமாகத் தவிர வரக்கூடாது என்பது. ‘புருஷன் அங்க, பொண்டாட்டி இங்க’ என்று இன்னொரு வாய் சொல்ல அவர் இடம்கொடுக்கப்போவதில்லை. பேருந்தில்கூட இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

ஆகவே அத்தான் இப்போது மதியச் சாப்பாட்டைக் கிடங்கின் பின்கட்டில், சுமை தூக்குபவர்களோடு சாப்பிடுகிறார். டின் மலையை நகர்த்தவைத்ததற்காக அவர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு ஈடாக அவர் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு கை எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் நான் அந்தப் பக்கம் போயிருந்தபோது டப்பாவில் அடிச்சோறு மட்டுமே மிஞ்சியிருந்தது.

“வீட்டம்மா சமையல் பிரமாதம் அண்ணே” என்றார் அவர்களில் ஒருவர், விரலைச் சூப்பிக்கொண்டு. “உள்ளதானே இருக்காங்க, போய் இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்களேன்.”

அத்தான் அக்காவின் அறை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப்போட்ட நாற்காலியில் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

“மேடம் வேலையா இருக்காங்க” என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போனார்.